ஹேலோவுக்கு இனி என்ன? ரசிகர்களின் பயம் எங்கிருந்து வருகிறது

2025 அக்டோபர் 24 அன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹேலோ என்ற வீடியோ கேமின் உலகச் சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தபோது ஓர் அறிவிப்பு வந்தது. 2001-இல் வெளியான முதல் ஹேலோவின் கதைப் பகுதி ‘ஹேலோ: கேம்பெய்ன் இவால்வ்ட்’ என்ற பெயரில் புதிதாகச் செய்யப்படுகிறது. 2026-இல் வரும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், பிசி இரண்டோடு பிளேஸ்டேஷன் 5-க்கும் வரும். சோனியின் கன்சோலில் ஹேலோ ஓடப்போவது இதுதான் முதல் தடவை.

சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. ஆனால் பல வருடங்களாக விளையாடி வருகிறவர்களிடம் கேள்விகள்தான் முந்திக்கொண்டு வந்தன. கடைசியாகப் புதுக் கதையோடு ஹேலோ வந்தது 2021-இல். அதற்கப்புறம் வருவது ஏன் பழைய கதை? ஹேலோவின் பாதி உயிரே நண்பர்களோடு மோதும் மல்டிபிளேயர். அது ஏன் இதில் இல்லை? எக்ஸ்பாக்ஸின் முகமாக இருந்த கேமே போட்டிக் கன்சோலுக்குப் போகிறதென்றால், மைக்ரோசாஃப்ட் இதைக் கைகழுவப் பார்க்கிறதா?

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது: ஹேலோவைச் செய்யத் தெரிந்த கைகள் இப்போது எங்கே? அதிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை புரியும்.

எதை இழந்துவிடுவோம் என்று பயம்?

ஹேலோ ஒரு ஷூட்டர். துப்பாக்கி பிடித்திருப்பவரின் கண் வழியாகவே உலகத்தைப் பார்த்து ஆடும் கேம். செய்தது பஞ்ஜி என்ற ஸ்டூடியோ. 1999-இல் ஆப்பிள் கணினிகளுக்கான மேக்வேர்ல்ட் கண்காட்சி மேடையில் இதை முதலில் உலகுக்குக் காட்டியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அப்போது அது மேக்குக்கும் விண்டோஸுக்கும் வரவேண்டிய கேம். அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் பஞ்ஜியை வாங்கியது. 2001 நவம்பர் 15 அன்று எக்ஸ்பாக்ஸ் என்ற புத்தம் புதுக் கன்சோலும் ஹேலோவும் சேர்ந்தே கடைக்கு வந்தன. 2004-இல் வந்த ஹேலோ 2 முதல் 24 மணி நேரத்தில் 12.5 கோடி டாலருக்கும், 2007-இல் வந்த ஹேலோ 3 அதே நேரத்தில் 17 கோடி டாலருக்கும் விற்றன.

விற்பனை எண்களைவிட, அந்த முதல் கேமில் ‘தி சைலன்ட் கார்ட்டோகிராஃபர்’ என்ற கட்டத்தை ஒருமுறை பார்த்தால் விஷயம் விளங்கும். விண்கலம் ஒன்று கடலுக்கு மேல் தாழப் பறந்து வந்து, மணலில் நம்மை இறக்கிவிடும். எதிரே கோவனன்ட் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் படை. கையில் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வேண்டுமென்றால் ஒன்றைக் கீழே போட வேண்டும். உடம்பைச் சுற்றியுள்ள ஒளிக் கவசம் அடி விழ விழக் குறையும். ஒரு பாறைக்குப் பின்னால் சில விநாடி ஒதுங்கினால் மறுபடி ஏறும். எலீட் என்ற பெரிய எதிரியை முதலில் வீழ்த்தினால், அவனை நம்பி நின்ற குட்டி கிரண்ட்கள் அலறிக்கொண்டு சிதறி ஓடும். சற்று நேரத்தில் வார்ட்ஹாக் என்ற ஜீப் வந்து இறங்கும். நாம் ஓட்ட, கூட வந்த சிப்பாய் பின்னால் ஏறி நின்று சுடுவார். அப்புறம் கடற்கரையில் எந்தப் பக்கம் போவது என்பது நம் இஷ்டம்.

பஞ்ஜியின் வடிவமைப்பாளர் ஜேமி கிரீஸ்மர் ‘30 விநாடி’ என்ற கணக்கை வைத்து இதை விளக்கியிருக்கிறார். அலுக்காத அரை நிமிடச் சண்டை ஒன்றை உருவாக்க வேண்டும். பிறகு இடம், எதிரி, ஆயுதம், வண்டி என்று ஒவ்வொன்றாக மாற்றி அதையே திரும்பத் திரும்பத் தர வேண்டும். சொல்ல எளிது. கவசம் ஏற எத்தனை விநாடி, எறிகுண்டு எவ்வளவு தூரம் உருளும், கிரண்ட் எப்போது பயப்படும் என்று நூறு சின்ன அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அது கூடிவரும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கைப்பக்குவம். செய்முறையை எழுதி வைத்துவிடலாம். பக்குவம் எழுத்தில் ஏறாது.

உரிமை ஒருவரிடம், பக்குவம் இன்னொருவரிடம்

ஒரு கேம் தொடரில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, பெயர், கதாபாத்திரங்கள், கதை ஆகியவற்றின் சட்ட உரிமை. இதை ஐபி என்பார்கள். இன்னொன்று, அதைச் செய்கிற ஸ்டூடியோ. 2007 அக்டோபரில் இந்த இரண்டும் பிரிந்தன. பஞ்ஜி மைக்ரோசாஃப்டிலிருந்து விலகித் தனி நிறுவனமானது. ஹேலோவின் உரிமை மைக்ரோசாஃப்டிடமே நின்றது. 2010-இல் வந்த ‘ஹேலோ: ரீச்’ பஞ்ஜி செய்த கடைசி ஹேலோ. இன்று பஞ்ஜி இருப்பது சோனியின் கீழ். 2022-இல் 360 கோடி டாலருக்கு வாங்கினார்கள்.

ஹேலோவுக்கென்றே மைக்ரோசாஃப்ட் 343 இண்டஸ்ட்ரீஸ் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கியது. முதல் கேமில் வரும் ஓர் இயந்திரப் பாத்திரத்தின் எண்தான் அந்த 343. ஹேலோ 4 (2012), ஹேலோ 5 (2015), ஹேலோ இன்ஃபினிட் (2021) மூன்றும் அவர்கள் செய்தவை. 2024 அக்டோபரில் பெயரை ஹேலோ ஸ்டூடியோஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

கை மாறும்போது என்ன தொலையும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் ஹேலோவை 2003-இல் பிசிக்கு மாற்றிக் கொடுத்தது கியர்பாக்ஸ் என்ற வேறொரு ஸ்டூடியோ. மாற்றும்போது சில காட்சி நுணுக்கங்கள் தவறிப்போயின. சில பரப்புகளின் பளபளப்பு மாறியது, சில ஒளி விளைவுகள் காணாமல் போயின. 2011-இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது அடித்தளமாக எடுத்துக்கொண்டது எக்ஸ்பாக்ஸின் மூலத்தை அல்ல, இந்தப் பிசி வடிவத்தை. பிழைகளும் கூடவே வந்தன. 2014-இல் ஹேலோ 1 முதல் 4 வரையிலான கேம்களை ஒரே பொட்டலமாகக் கட்டிய, நாயகனின் பெயர் தாங்கிய ‘மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்’ வந்தபோதும் அதே பிழைகள். கடைசியில் 2021-இல்தான் அவை சரிசெய்யப்பட்டன. பழைய எக்ஸ்பாக்ஸை எடுத்து வைத்து ஒவ்வொரு சுவராக ஒப்பிட்டுப் பார்த்த ரசிகர்களின் உழைப்பும் அதில் சேர்ந்திருந்தது. கிட்டத்தட்ட 18 வருடம்! உரிமை முழுக்க மைக்ரோசாஃப்டிடம்தான் இருந்தது. ஆனாலும், அசல் எப்படி இருந்தது என்று நினைவில் வைத்திருந்தவர்கள் ரசிகர்கள்.

அவர்கள் புலம்புகிறார்கள் என்று யாராவது ஒதுக்கித் தள்ளும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

இன்ஜின்: தறி மாறுகிறது

ஒரு கேமில் ஒளி விழுவது, பொருட்கள் மோதி உருளுவது, எதிரி யோசிப்பது எல்லாவற்றையும் இயக்கும் மென்பொருள் அடித்தளத்துக்கு இன்ஜின் என்று பெயர். நெசவுக்குத் தறி எப்படியோ, கேமுக்கு இன்ஜின் அப்படி. வடிவத்தை யோசிப்பவர் வேறு, ஆனால் தறியில் என்ன முடியுமோ அதுதான் சேலையில் வரும்.

ஹேலோ இன்ஃபினிட்டுக்கு 343 பயன்படுத்தியது ஸ்லிப்ஸ்பேஸ் என்ற சொந்த இன்ஜின். பெயர் புதிது. ஆனால் உள்ளே பஞ்ஜி காலத்துப் பாகங்கள் இருந்தன. சில பாகங்களுக்கு ஏறக்குறைய 25 வயது என்று 2024-இல் ஸ்டூடியோவே வெளிப்படையாகச் சொன்னது. இதைத் தொழில்நுட்பக் கடன் என்பார்கள். அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட பழைய நிரல்களை அப்படியே விட்டுவைத்தால், பின்னால் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் அதற்கு வட்டி கட்டுவது போல நேரம் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால்தான் இனி எல்லா ஹேலோ கேம்களும் அன்ரியல் இன்ஜின் 5-இல் என்று அந்த வருடம் அறிவித்தார்கள். எபிக் கேம்ஸ் நிறுவனத்துடைய இந்த இன்ஜினைக் காசு கொடுத்து யாரும் பயன்படுத்தலாம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோருக்கு இது ஏற்கெனவே கைவந்த கருவி. லாபமும் நஷ்டமும் இப்படி இருக்கும்:

1. புதிதாகச் சேரும் ஒருவர் முதல் வாரத்திலேயே வேலையில் இறங்கலாம். சொந்த இன்ஜினைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் போன நேரம் மிச்சம்.

2. கருவியைப் பழுதுபார்க்கும் சுமை பெரும்பாலும் எபிக்கிடம் போய்விடுகிறது. ஸ்டூடியோ கேமைக் கவனிக்கலாம்.

3. ஆனால் குண்டு உருளும் விதம், ஜீப் மணலில் வழுக்கும் விதம் எல்லாம் பழைய இன்ஜினோடு சேர்ந்து வளர்ந்தவை. புது இன்ஜினில் அவை தானாக வராது. அந்த உணர்வைப் பார்த்துப் பார்த்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ரசிகர்களின் பயம் மூன்றாவதில் நிற்கிறது. என் கணிப்பில், இன்ஜின் மாற்றம் சரியான முடிவு. ஆனால் அந்த உணர்வின் அடையாளம் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தால்தான் அது பலிக்கும். அங்கேதான் அடுத்த சிக்கல்.

18 மாதக் கணக்கு

1990-களில் மைக்ரோசாஃப்டில் ஒப்பந்த ஊழியர்களாக வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள், நிரந்தர ஊழியர்களுக்குக் கிடைக்கும் பலன்கள் தங்களுக்கு மறுக்கப்பட்டதாக வழக்குப் போட்டார்கள். 2000-இல் 9.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு ஒப்பந்த ஊழியர்களின் காலத்துக்கு நிறுவனம் வரம்பு வைத்தது. 2014 முதல் அந்த வரம்பு 18 மாதம். அது முடிந்ததும் குறைந்தது ஆறு மாதம் வெளியே இருக்க வேண்டும்.

அலுவலகச் சட்டச் சிக்கலைத் தவிர்க்க வந்த விதி இது. ஒரு பெரிய ஷூட்டர் கேம் செய்ய நான்கைந்து வருடம் ஆகும் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் வந்து, ஸ்டூடியோவின் சொந்தக் கருவிகளைக் கற்று, கை பழகி, நன்றாகச் செய்யத் தொடங்கும்போது பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அடுத்தவர் வந்து முதலிலிருந்து கற்க வேண்டும். இன்ஃபினிட் தயாரிப்பு தள்ளாடியதற்கு ஒப்பந்த ஊழியர்களின் இந்த வரவு-போக்கும், சிரமமான கருவிகளும் முக்கியக் காரணங்கள் என்று 2021 டிசம்பரில் ப்ளூம்பர்க் விரிவாக எழுதியது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரை வேலையை விட்டு அனுப்பியபோது 343-இல் நிரந்தரமாக இருந்தவர்களும் தப்பவில்லை.

இன்ஃபினிட்டில் விளைவு எப்படித் தெரிந்தது

அறிவித்தது 2018-இல். 2020 ஜூலையில் விளையாட்டுக் காட்சியைக் காட்டியபோது ஒளியமைப்பும் முகங்களும் தட்டையாக இருப்பதாகப் பெரிய கண்டனம் எழுந்தது. அந்த நவம்பரில் வரவேண்டியதை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிவைத்து, பஞ்ஜி காலத்துக் கதையாசிரியர் ஜோசஃப் ஸ்டேட்டனைக் கூப்பிட்டு வந்தார்கள்.

2021 நவம்பர் 15 அன்று, தொடரின் இருபதாவது பிறந்தநாளில், மல்டிபிளேயர் இலவசமாக இறங்கியது. ஸ்டீம் என்ற பிசி கேம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். துப்பாக்கி பிடித்த உணர்வு அருமையாக இருந்தது என்று பழைய ரசிகர்களே ஒத்துக்கொண்டார்கள். கதைப் பகுதி டிசம்பர் 8-இல் வந்தது. பிறகு நடந்தவை:

1. இலவச மல்டிபிளேயர் என்பது ஓயாமல் தீனி கேட்கும் தொழில். புது வரைபடங்கள், புது முறைகள் வந்துகொண்டே இருந்தால்தான் ஆட்கள் நிற்பார்கள். இதை லைவ் சர்வீஸ் என்பார்கள். மூன்று மாதத்தில் முடியவேண்டிய முதல் சீசன் 2022 மே வரை இழுத்தது. மூன்றாம் சீசன் வந்ததோ 2023 மார்ச்சில்.

2. ரசிகர்களே வரைபடம் கட்டும் ஃபோர்ஜ் வசதியும், கதையை ஆன்லைனில் சேர்ந்து ஆடும் வசதியும் ஒரு வருடம் கழித்து, 2022 நவம்பரில்தான் வந்தன. அதற்குள் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். ஃபோர்ஜ் மிக நன்றாக இருந்தது என்பது வேதனையைக் கூட்டுகிறது.

3. ஒரே டிவியில் இருவர் சேர்ந்து கதையை ஆடும் வசதி 2022 செப்டம்பரில் ரத்து செய்யப்பட்டது. ஹேலோ 5-இல் திரையைப் பிரித்து ஆடும் வசதி இல்லாமல் போனதற்குப் பிறகு, இனி வரும் ஷூட்டர்களில் அது எப்போதும் இருக்கும் என்று ஸ்டூடியோவின் அன்றைய தலைவர் போனி ராஸ் 2017-இல் பொதுமேடையில் சொல்லியிருந்தார். மல்டிபிளேயரில் அது இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே சோஃபாவில் உட்கார்ந்து கதையை முடிக்கும் அந்தப் பழக்கத்துக்குத்தான் இடமில்லாமல் போனது.

4. கதையின் முடிவில் ‘எண்ட்லெஸ்’ என்ற புது ஆபத்தைக் காட்டிவிட்டு நிறுத்தினார்கள். தொடர்ச்சியாக ஒரு கதைப் பகுதிகூட வரவில்லை. 2025 நவம்பரில் கடைசிப் பெரிய புதுப்பிப்போடு இன்ஃபினிட் கதவை மூடிக்கொண்டது.

கதை விஷயத்தில் இது பழைய வழக்கம்தான். ஹேலோ 4-இல் வில்லன் டைடாக்ட். அவனுடைய கதையை ஒரு காமிக்ஸில் முடித்துவிட்டு, ஹேலோ 5-இல் நாயகனின் துணையாக இருந்த செயற்கை நுண்ணறிவு கோர்ட்டானாவையே எதிரியாக்கினார்கள். இன்ஃபினிட் தொடங்கும்போது அந்தக் கதையும் பெரும்பாலும் நம் கண்ணில் படாமலே முடிந்திருந்தது. மூன்று கேம், மூன்று புதுத் தொடக்கம். அடுத்ததிலும் இப்படியே நடக்கும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

பிளேஸ்டேஷனுக்குப் போவது கைகழுவுவதா?

அப்படித் தெரியவில்லை. கன்சோல் வியாபாரத்தில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்றால், ஒரு கேம் வேண்டுமென்றால் அந்தப் பெட்டியைத்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை. 2001-இல் ஹேலோவின் வேலை அதுதான். இன்று அந்தப் பெட்டியே முன்போல் விற்பதில்லை. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் வன்பொருள் வருமானம் முந்தைய ஆண்டைவிட 29 சதவீதம் குறைந்தது. ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற கேம் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், கேம்களை எங்கெல்லாம் விற்க முடியுமோ அங்கெல்லாம் விற்கத்தான் பார்க்கும். ஃபோர்ஸா ஹொரைஸன் 5, கியர்ஸ் ஆஃப் வார் போன்ற எக்ஸ்பாக்ஸ் கேம்கள் எல்லாம் 2025-இலேயே பிளேஸ்டேஷன் 5-க்குப் போய்விட்டன.

ஹேலோவுக்கு இது புது ஆட்களைக் கொண்டுவரும். ஆனால் ஒரு மாற்றத்தை மறைக்க முடியாது. முன்பு ஒரு ஹேலோ சுமாராக விற்றாலும், அது பெட்டியை விற்றுக்கொடுக்கிறது என்று கணக்குக் காட்டலாம். இனி ஒவ்வொரு ஹேலோவும் தன் சொந்த விற்பனையில்தான் நின்றாக வேண்டும்.

சரி, ஏன் ரீமேக்?

பத்தாம் ஆண்டுப் பதிப்பைச் சேர்த்தால், முதல் ஹேலோவுக்குப் புது உருவம் கொடுப்பது இது இரண்டாம் முறை. சலிப்பு வருவது இயல்பு. ஆனால் ஸ்டூடியோவின் நிலையிலிருந்து பார்த்தால் ஒரு தர்க்கம் தெரிகிறது. புது இன்ஜினும் புதுக் கதையும் புது மல்டிபிளேயரும் ஒரே சமயத்தில் செய்தால் இன்ஃபினிட் கதைதான் மறுபடி. கட்டங்களும் எதிரிகளும் ஏற்கெனவே தெரிந்த ஒரு கேமை எடுத்துக்கொண்டால், புதுத் தறியில் கை பழகலாம். அசல் பக்கத்திலேயே இருப்பதால் எது ஒத்துவரவில்லை என்று உடனே தெரியும். சர்வர், சீசன் என்ற ஓயாத சுமையும் இல்லை. மல்டிபிளேயரை விட்டதற்கு இதைத்தான் காரணமாக நான் பார்க்கிறேன்.

அறிவிப்பின்படி, ஆன்லைனில் நால்வர் சேர்ந்து ஆடலாம். கன்சோலில் திரையைப் பிரித்து இருவர் ஆடலாம். கதைக்கு முன்னால் நடப்பதாக மூன்று புதுக் கட்டங்களும் உண்டு. மாஸ்டர் சீஃபாக ஸ்டீவ் டவுன்ஸ், கோர்ட்டானாவாக ஜென் டெய்லர் இருவரும் மறுபடி குரல் கொடுக்கிறார்கள். சோஃபா திரும்பி வருவது சின்ன விஷயமில்லை.

எதிர்பக்கத்தில், வேகமாக ஓடும் ஸ்ப்ரின்ட் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். வேண்டாதவர்கள் அணைத்து வைக்கலாம். ஒரு பொத்தானுக்கா இவ்வளவு சண்டை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். அந்தக் கடற்கரைக்கே திரும்பிப் போய்ப் பாருங்கள். பாறைகளுக்கு நடுவே உள்ள தூரம், நடக்கிற வேகத்துக்கு அளந்து வைத்தது. கவசம் இறங்கியதும் எந்தப் பாறைக்குப் போவது என்று யோசிக்க வைத்ததே அந்த வேகம்தான். ஓட முடிந்தால், தப்பித்துவிடலாம், யோசிக்க வேண்டாம். தூரத்தைக் கூட்டிச் சரிசெய்தால், நடப்பவருக்கு அது வெறும் மணல்வெளியாகிவிடும். இரண்டு வேகத்துக்கும் ஒரே கடற்கரை பொருந்துமா என்பதுதான் உண்மையான சோதனை.

எதைக் கவனிக்கலாம்

மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் 2014-இல் வந்தபோது, ஆட்களைச் சேர்த்து ஆட்டம் தொடங்குவதே பல வாரம் சரியாக நடக்கவில்லை. ஸ்டூடியோ பொதுவில் மன்னிப்புக் கேட்டது. 2018-இல் திரும்ப உட்கார்ந்து பெரும்பகுதியைச் சரிசெய்தார்கள். இன்று அது தொடரிலேயே நம்பி வாங்கக்கூடிய பொட்டலம். நேரமும் ஆட்களும் கொடுத்தால் இந்த ஸ்டூடியோவால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எனவே முன்னோட்டக் காட்சிகளைவிட இவற்றைப் பார்ப்பது மேல்:

1. ரீமேக் வெளிவரும் நாளில், சொன்ன வசதிகள் எல்லாம் முதல் நாளே இருக்கின்றனவா, அல்லது ‘பின்னர் வரும்’ பட்டியலுக்குப் போகின்றனவா.

2. ஒன்றுக்கு மேற்பட்ட கேம்கள் தயாரிப்பில் இருப்பதாக 2024-இல் சொன்னார்கள். அதில் மல்டிபிளேயர் எது, எப்போது என்று தெளிவாகச் சொல்கிறார்களா.

3. ரீமேக் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்ப்பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஹேலோ வரும்போது அந்தப் பெயர்களில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.